காவிரிக் கரையில் ஒரு டரான்டுலா: கூடு அமைத்த ஓராண்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றை ஒட்டிய ஒரு கிராமம். கீழே மூன்று அறை, மேலே ஒற்றை மாடியறை என்று தளம் போட்ட வீடு. பின்னால் கொல்லை, வேலியைத் தாண்டினால் நெல்வயல். அந்த வீட்டின் கல்லூரி மாணவர் 2024 ஜூன் கடைசியில் மெக்சிகோ சிவப்பு முழங்கால் டரான்டுலா என்ற, ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி ஒன்றை வாங்கினார். வளர்ப்பில் பிறந்தது, கால் விரிப்பு (ஒரு கால்நுனியிலிருந்து எதிர்க்கால் நுனிவரை) அப்போது 11 செ.மீ. இந்த ஆய்வில் அவரை வளர்ப்பவர் என்றும், பிறகு வழிகாட்டிய, திருவாரூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகளாக டரான்டுலா வளர்த்துவரும் ஒருவரை ஆலோசகர் என்றும் குறிப்பிடுகிறோம்.

இந்தச் சிலந்தி மெக்சிகோவின் பசிபிக் கரையோரக் காடுகளைச் சேர்ந்தது. ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடந்து, மழைக்காலத்தில் மட்டும் தழைக்கும் காடு அது. சிலந்தி தரையில் வளை தோண்டி வாழும். மரம் ஏறும் இனம் அன்று. பெண் என்றால் 20 ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். வாங்கிய மாணவர் வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அது இருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. இங்கே பேசவில்லை, சிலந்தி வந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரியும்.

காகித வேலையை மட்டும் வளர்ப்பவர் ஒழுங்காகச் செய்திருந்தார். இந்தச் சிலந்தி அடங்கும் பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பில் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சைட்ஸ் பட்டியல் உயிர்கள் அதன் 4ஆம் அட்டவணைக்குள் வருகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வாங்கிய 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையத் தளத்தில் பதிய வேண்டும். ஒரு சிக்கல் வந்தது. விற்றவர் கொடுத்த ரசீதில் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்று இருந்தது. உலகம் முழுக்க அந்தப் பெயரில் விற்கப்பட்ட சிலந்திகளில் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹமோரி என்ற வேறோர் இனம் என்பது 2017இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வுக்குப் பிறகு தெளிவானது. வளர்ப்பவர் ரசீதைத் திருத்தி வாங்கிய பிறகே விண்ணப்பித்தார். ரசீதில் ஒரு பெயர், பதிவில் வேறு பெயர் என்று இருந்தால் பின்னால் கைமாற்றும்போது தொல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய புளியமரப் பொந்துகளில் நம் ஊர் மரவாழ் டரான்டுலாக்கள் உண்டு. அந்தப் பேரினமான பொசிலோதீரியாவும் 2019 முதல் சைட்ஸ் பட்டியலில் இருக்கிறது. ராமேசுவரம் பகுதியில் கண்டறியப்பட்ட ஓர் இனம் அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது. பொந்தில் கையை விட்டு எடுத்து வந்து வளர்ப்பது கூடவே கூடாது.

முதல் கூடு: 2024 ஜூலை

வீட்டில் சும்மா கிடந்த 2 அடி மீன்தொட்டிதான் முதல் கூடு. நீளம் 60, அகலம் 30, உயரம் 38 செ.மீ. மேலே கம்பிவலை மூடி. உள்ளே 5 செ.மீ. நார்த்தூள், நாற்றுப் பண்ணையில் வாங்கிய கோகோ பீட் கட்டியை ஊறவைத்துக் கழுவாமல் அப்படியே பரப்பியது. ஒளிந்துகொள்ள ஒரு கொட்டாங்குச்சி, தண்ணீருக்குப் பெரிய அகல் விளக்கு, தொட்டிக்கு அடியில் 7 வாட் சூட்டு விரிப்பு. காலையும் மாலையும் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தார். இடம் மாடியறை அலமாரி.

இதில் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. குளிர் நாட்டு வளர்ப்பாளர்களின் காணொளிகளைப் பார்த்து எடுத்த முடிவுகள் அவை. வெளியே பனி பெய்ய, உள்ளே சூடேற்றியால் காற்று வறண்டுபோகும் வீட்டில் சூட்டு விரிப்பும் ஸ்பிரேயும் தேவைப்படலாம். ஆடி மாதத்துக் கும்பகோணத்தில், மாடியறையில், அவை இரண்டும் சிலந்திக்கு எதிராக வேலை செய்தன.

கவனிக்கப்பட்டவை

முதல் நாளிலிருந்தே சிலந்தி மண்ணில் கால் வைக்கவில்லை. கண்ணாடி மூலையில் ஏறி, எட்டுக் காலையும் நுனியால் ஊன்றி, வயிறு எதிலும் படாமல் தூக்கியபடி நின்றது. ஒன்பது நாள் இதே நிலை. தரைவாழ் டரான்டுலா சுவரிலேயே இருந்தால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்: ஈரம் அதிகமா, சூடா, ஏதாவது மருந்து வாடையா. புது இடத்துக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் சுவரில் சுற்றுவது இயல்புதான். ஒரு வாரம் தாண்டினால் குறை கூட்டில் இருக்கிறது.

பத்தாம் நாள் பிற்பகல் 3 மணிக்கு வளர்ப்பவர் முதன்முறையாக அளந்தார். அறை 35 டிகிரி. விரிப்புக்கு மேலே மண்ணின் அடியில் 39. சூடு தாங்காத டரான்டுலா கீழ்நோக்கித் தோண்டும். காட்டில் குளிர்ச்சி ஆழத்தில்தான் இருக்கும். இங்கே தோண்டத் தோண்டச் சூடு கூடியது. அன்றே விரிப்பைக் கழற்றினார்.

ஜூலை 21 இரவு, மூடியின் கம்பிவலையில் ஒற்றைக் கால் மாட்டிச் சிலந்தி தொங்கிக்கொண்டிருந்தது. காலின் நுனியில் உள்ள இரட்டை நகம் வலைக்கண்ணில் கொக்கிபோல் சிக்கிக்கொள்ளும். மண்ணிலிருந்து மூடிவரை 33 செ.மீ.; அங்கிருந்து விழுந்து கொட்டாங்குச்சியின் விளிம்பில் பட்டால் வயிறு கிழிந்துவிடும். டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோல் பைபோன்றது. கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. வளர்ப்பவர் பிடித்து இழுக்காமல், மடித்த துண்டை அதன் அடியில் உயர்த்திப் பிடித்தார். கால்களுக்குப் பிடி கிடைத்ததும் சில நிமிடத்தில் அதுவே நகத்தை விடுவித்துக்கொண்டது. இழுத்திருந்தால் காலையே உதறியிருக்கும்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் கொட்டாங்குச்சியின் உள்புறம் வெள்ளைப் பூஞ்சை. சரியாகச் சுரண்டாத தேங்காய்ப் பருப்பு ஒட்டியிருந்த இடம் அது. அகலைச் சுற்றி எப்போதும் ஈர வட்டம், ஏனென்றால் சுட்ட மண் தண்ணீரைக் கசியவிடும். அந்த வட்டத்தில் ரவையைத் தூவியதுபோல் வெள்ளை உண்ணிகள் ஊர்ந்தன. இவை சிலந்தியின் ரத்தத்தைக் குடிப்பவை அல்ல; அழுகலைத் தின்பவை. ஆனால் அவை பெருகுவது ஈரமும் மிச்ச இரையும் தேங்கியிருப்பதன் அடையாளம்.

ஆகஸ்டு 9 அன்று எறும்பு வந்தது. சிலந்தி தொடாமல் விட்ட சூப்பர்வார்ம் (இரையாக விற்கும் வண்டுப்புழு) ஒன்று மண்ணுக்குள் செத்துக் கிடந்தது. அதைத் தேடிச் சிற்றெறும்புச் சாரை அலமாரியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கியது. வளர்ப்பவர் கல்லூரியில் இருந்தார். அம்மா சிலந்திக்கு நல்லது செய்வதாக எண்ணி, தொட்டியைச் சுற்றி எறும்புச் சாக்கட்டியால் கட்டம் போட்டார். சாக்கட்டியில் இருப்பது பூச்சிக்கொல்லி. எறும்பைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும்.

அன்று மாலை வளர்ப்பவர் ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணே, ஒரு மாசமா ஒண்ணும் சாப்பிடல, செவுத்துலயே இருக்குது” என்றார். ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, மண்ண ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சு பாருங்க. தண்ணி வருதா?”

வந்தது.

நார்த்தூள் ஏன் காயவே இல்லை

தெளிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் மண் ஈரமாகவே இருந்தது. தென்னை நார்த்தூளில் இயல்பாகவே உப்பு உண்டு. கடலோரத் தோப்பு மட்டையென்றாலும் உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையென்றாலும் இன்னும் கூடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிந்து ஈரமாவதைப் பார்க்காதவர் டெல்டாவில் யாரும் இல்லை. கழுவாத நார்த்தூளும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரவில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் ஊரில், உப்பேறிய தூள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளால் நார்த்தூளுக்கு இங்கே பஞ்சமில்லை. வாங்கும்போது வேப்பம்புண்ணாக்கோ உரமோ கலந்த செடிக்கலவையாக இல்லாமல் வெறும் தூளாகக் கேட்டு வாங்க வேண்டும். வாளியில் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் பிழிய வேண்டும். பிழிந்த நீரின் டி.டி.எஸ். அளவு (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), ஊற்றிய குழாய்நீரின் அளவுக்குப் பக்கத்தில் இறங்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். இங்கே நான்கு முறை தேவைப்பட்டது. பிறகு மாடியில் இரண்டு வெயில்.

இரண்டாவது கூடு: 2024 செப்டம்பர்

சிலந்தியைத் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டு எல்லாம் புதிதாகத் தொடங்கியது. பழைய மண்ணை வெளியே எடுக்கும்போது வளர்ப்பவரின் முன்கை முழுக்கச் சிவந்து அரித்தது. இந்த இனம் மிரண்டால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து அரிப்பு ரோமங்களை உதறும். உதறிய ரோமம் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மண்ணை நனைத்த பிறகே கிளற வேண்டும். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். தோலில் பட்டால் செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தபின் கழுவலாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும், “சிலந்தி ரோமம்” என்று சொல்லியே காட்ட வேண்டும்.

பெட்டியைக் கும்பகோணத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் 4 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டினார்கள். நீளம் 40, அகலம் 30, உயரம் 28 செ.மீ. மூடி மட்டும் 5 மி.மீ.; மெல்லிய மூடி உள்பக்க ஈரத்தில் வளைந்து ஓரத்தில் சந்து விடும். இரண்டு கீல், ஒரு கொக்கி, சின்னப் பூட்டு. மொத்தம் 2,300 ரூபாய் ஆனது. இந்தக் கடைகளில் அக்ரிலிக்கைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுவது வழக்கம். அதன் ஆவி முழுதும் போகும்வரை பெட்டியைத் திறந்து நிழலில் வைக்க வேண்டும். இங்கே எட்டு நாள் வைத்தார்கள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தால் வாடையே தெரியக் கூடாது. லேசர் வெட்டின் கூர்விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்தார்கள்.

காற்றுத் துளைகள் எல்லாம் 3 மி.மீ. இடப்பக்கச் சுவரில் மண்மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே 30 துளை. எதிர்ச்சுவரில் மூடிக்குச் சற்றுக் கீழே 40 துளை. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, ஈரத்தை எடுத்துக்கொண்டு எதிரே மேல்வழியாகப் போகும். மூடியில் மட்டும் துளையிட்டால் மண்ணை ஒட்டிய காற்று அசையவே அசையாது. டெல்டாவில் கூடு கட்டுபவர் செலவைக் குறைக்கக் கூடாத இடம் இந்தத் துளைகள்தான்.

மண்படுகையின் ஆழம் 13 செ.மீ. மிச்ச உயரம் 15. சிலந்தியின் கால் விரிப்பைப் போல் ஒன்றரை மடங்குக்குமேல் வெற்றுயரம் இருக்கக் கூடாது என்பது விழுந்து வயிறு கிழியாமல் இருக்க வளர்ப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு, 11 செ.மீ. சிலந்திக்கு அது 16.5. இந்தப் படுகைக்குக் கிட்டத்தட்ட 16 லிட்டர் மண் வேண்டும். அழுத்தினால் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும் என்பதால் 19 லிட்டர் கலந்தார்கள்: கழுவிய நார்த்தூள் 10, கொல்லை மண் 7, சலித்த மணல் 2. நார்த்தூள் மட்டும் போட்டால் வளை நிற்காமல் சரியும். வண்டல் கலந்த நம் மண்தான் சுவராகப் பிடித்து நிற்கும்.

அந்த மண்ணை எங்கே எடுப்பது என்பதில் ஆலோசகர் கறாராக இருந்தார். வயல் மண் வேண்டாம். கொல்லையிலும் வாழையடி வேண்டாம், வாழைக்குக் குருணை மருந்து வைத்திருப்பார்கள். மருந்தே படாத கிணற்றடி ஓரத்தில், மேல்மண் ஒரு அடியை நீக்கிவிட்டு எடுத்தார்கள். துணியில் கட்டி, இனிச் சமையலுக்கு எடுக்கப்போவதில்லை என்று ஒதுக்கிய பழைய இட்லிக் குண்டானில், ஆவி கிளம்பிய பிறகு அரை மணி நேரம் வேகவைத்து, வெயிலில் உலர்த்தினார்கள். பூச்சி முட்டையும் எறும்புக் குஞ்சும் இதில் போய்விடும்.

ஈரப்பதத்துக்கு அளவு பிடிகொழுக்கட்டை. கலவையை ஒரு கை அள்ளி இறுக்கினால் விரல்தடத்தோடு நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்தி, மேல் 3 செ.மீ. மட்டும் முழுக்கக் காய்ந்த கலவையாகப் போட்டார்கள்.

கொட்டாங்குச்சி இந்த அளவுச் சிலந்திக்குச் சிறியது. அதனால் 15 செ.மீ. மண் பூந்தொட்டியை நெடுக்காகப் பாதியாக அறுத்து, கவிழ்த்துப் பாதி புதைத்து, அதனுள் 5 செ.மீ. அகலத்தில் சாய்வாக ஒரு தொடக்க வளையைக் கையாலேயே குடைந்துவிட்டார்கள். தண்ணீருக்குக் கசியாத பீங்கான் சட்னிக் கிண்ணம். பஞ்சோ ஸ்பாஞ்சோ போடவில்லை. அது அழுக்கைத் தேக்கும், டரான்டுலாவுக்குத் தேவையும் இல்லை. மூலையில் ஓர் அரை அங்குல பி.வி.சி. குழாயைப் படுகையின் அடிவரை நட்டார்கள். கோடையில் அடிமண்ணுக்கு மட்டும் தண்ணீர் விட அது வழி.

இடம் கீழ்த்தளத்து உள்ளறை. மர மேசையின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன; பலகார அலமாரிக்கு நம் பாட்டிமார் செய்த ஏற்பாடேதான். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் எறும்பு மேலே நடக்க முடியாமல் மூழ்கும். மேசை சுவரைத் தொடக் கூடாது. துணி, ஒயர் எதுவும் அதன்மேல் தொங்கக் கூடாது. சாக்கட்டி போட்ட மாடி அலமாரியைச் சோப்புத் தண்ணீரால் மூன்று முறை துடைத்தார்கள், ஆனாலும் அதை மறுபடி சிலந்திக்குப் பயன்படுத்தவில்லை.

செப்டம்பர் 14 அன்று சிலந்தி புதுப்பெட்டிக்குள் போனது. கையால் தூக்கவில்லை, டப்பாவைச் சாய்த்து வைத்து, மெல்லிய தூரிகையால் பின்னங்காலைத் தொட்டதும் தானாக நடந்தது. அன்றிரவே பூந்தொட்டிக்கடியில் தோண்டி, மண்ணுருண்டைகளைப் பற்களில் கவ்விக்கொண்டு வந்து வாசலில் குவித்தது. செப்டம்பர் 23இல் முதல் இரை, சுவர்க்கோழி ஒன்று. இரை இங்கே ஒருபோதும் வயலில் பிடிப்பதில்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் மருந்தடிக்கும் பூமியில் வெட்டுக்கிளியின் உடம்பில் என்ன ஏறியிருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. அரோவானா மீன் வளர்ப்பவர்களுக்காகக் கடைகளில் விற்கும் சூப்பர்வார்ம், சுவர்க்கோழி இரண்டுமே போதும். சூப்பர்வார்மைத் தலையை நசுக்கிவிட்டுப் போட்டால் மண்ணுக்குள் புதையாது. தின்னாத இரையை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 20: பெட்டி சரி, அறை தவறு

மழை தொடங்கிக் கொசு பெருகிய வாரம். ஊரிலிருந்து வந்த சித்தப்பா உள்ளறையில் படுத்தார். சன்னலைச் சாத்தி, திரவக் கொசுவிரட்டியைச் செருகி இரவு முழுக்க ஓடவிட்டிருந்தார். காலை 6 மணிக்குச் சிலந்தி வளைக்கு வெளியே கிடந்தது. முன்னங்கால்களை அளவுக்குமீறி உயரத் தூக்கி, வைக்க வேண்டிய இடம் தெரியாததுபோல் தட்டியது. உடம்பு விட்டுவிட்டு உதறியது. நடக்க முயன்று பக்கவாட்டில் சாய்ந்தது. தண்ணீர்க் கிண்ண விளிம்பைப் பற்ற மூன்று முறை முயன்றும் பிடிக்கவில்லை.

திரவ விரட்டிகளில் இருப்பது பைரித்திராய்டு வகை மருந்து. கொசுவின் நரம்பில் சோடியம் வழிகளை மூடவிடாமல் செய்து, அது துடித்து விழும்படி செய்கிறது. சிலந்தியின் நரம்பும் அந்த வகையில் வேறல்ல. ஆய்வகச் சோதனை எதுவும் நடக்காததால் காரணம் இதுவே என்று சான்றிதழ் தர முடியாது. ஆனால் முந்தைய இரவுவரை இயல்பாக இருந்த சிலந்திக்கு அந்த அறையில் மாறியது இது ஒன்றுதான்.

உடனே செய்தது: டிஷ்யூ காகிதம் விரித்த சுத்தமான டப்பாவுக்கு மாற்றி, வாசல் பக்கத்துக் காற்றோட்டமான அறையில் நிழலில் வைத்தார்கள். தட்டையான மூடியில் தண்ணீர். இரை இல்லை, தொடுதல் இல்லை. பெட்டியில் மேல்மண் 3 செ.மீ. அள்ளிக் கொட்டப்பட்டது, உட்சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவிய துணியால் மறுபடி துடைத்து, இரண்டு நாள் திறந்து வைத்தார்கள். அறையின் தரை, மேசை, மின்விசிறி இறக்கை எல்லாம் துடைக்கப்பட்டன.

நான்காம் நாள் உதறல் குறைந்தது. ஒன்பதாம் நாள் நேராக நடந்து, பழைய பெட்டிக்குத் திரும்பியது. நவம்பர் 12இல் தின்றது. பிழைத்தது அதிர்ஷ்டம் என்றே இதை எழுதும் நாங்கள் நினைக்கிறோம். இதே அறிகுறிகளோடு இரண்டே நாளில் இறந்தவை உண்டு.

வீட்டில் இதைப் பேசி முடிவெடுப்பது எளிதாக இல்லை. “கொசுவத்தி ஏத்தாம ஐப்பசி மாசத்துல யாருடா தூங்குவா?” என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. டெங்கு வரும் ஊரில் சிலந்திக்காக மனிதரைக் கொசுவிடம் ஒப்படைக்க முடியாது. எல்லாச் சன்னலுக்கும் வலை, கட்டிலுக்குக் கொசுவலை, உள்ளறையில் எந்த விரட்டியும் சுருளும் இல்லை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி பூசையறையோடு நிற்கும் என்று முடிவானது. ஊராட்சியிலிருந்து புகை மருந்து அடிக்க வரும் நாளில் சன்னல்களைச் சாத்தி, பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து ஒன்றரை மணி நேரம் கட்டிவிடுகிறார்கள். டரான்டுலாவின் மூச்சுத் தேவை மிகக் குறைவு. பெட்டிக்குள் உள்ள காற்றே அதற்குப் போதும். பின்வயலில் மருந்து தெளிக்கும் நாளில் கொல்லைப்பக்கக் கதவும் சன்னலும் அன்று முழுக்கத் திறப்பதில்லை.

நவம்பர், டிசம்பர் மழை

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் அறையின் ஈரப்பதம் பல நாள் 90க்குமேல் நின்றது. மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. பெட்டியில் மின்சாரத்தை நம்பிய எதுவும் இல்லாததால் ஒன்றும் கெடவில்லை. அந்த இரண்டு மாதமும் மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கிண்ணத்தை மட்டும் நிரப்பினார்கள். பூஞ்சை ஒரே இடத்தில், சிலந்தி கழித்த மூலையில், நகமளவு வந்தது. கரண்டியால் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள்.

தவறு வேறிடத்தில் நடந்தது. டெங்குத் தடுப்புப் பணியாளர் வீடு பார்க்க வந்தபோது மேசைக்கால் கிண்ணத்தில் கொசுப்புழு இருந்தது. சோப்பு விட மறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சிலந்திக்காகக் கொசுமருந்தை நிறுத்திய வீட்டிலேயே கொசு வளர்ந்தது வளர்ப்பவரை வெகுவாக உறுத்தியது. அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை கிண்ணங்களைக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்து, புதுத் தண்ணீரும் சோப்பும் விடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தேய்க்காமல் கொட்டினால் பயனில்லை.

தோலுரித்தல்: 2025 பிப்ரவரி

ஜனவரி 5 முதல் இரையை மறுத்தது. வயிற்றில் ரோமம் உதிர்ந்த வழுக்கை இடம் பழுப்பிலிருந்து கருப்பாக மாறியது. உள்ளே புது ரோமம் தயாராகிவிட்டது என்று அர்த்தம். பிப்ரவரி 11 காலை 6.20க்கு, பூந்தொட்டிக்கு முன்னால் பட்டுப்பாய்போல் நெய்த வலைமேல் மல்லாந்து கிடந்தது. “செத்துப்போச்சுடா” என்றார் அம்மா, குரல் தழுதழுக்க. சாகும் டரான்டுலா குப்புற நின்றபடியே கால்களை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொள்ளும். மல்லாந்து கிடந்தால் அது தோலுரிக்கிறது. அப்போது புரட்டுவதும், தண்ணீர் தெளிப்பதும், பெட்டியை நகர்த்துவதும்தான் அதைக் கொல்லும்.

மதியம் 1 மணிக்குப் பழைய தோல் பக்கத்தில் கிடந்தது. புதுச் சிலந்தியின் பற்கள் பால் வெள்ளை. நான்காம் நாள் சிவப்பாகி, பத்தாம் நாள் கருத்தன. பன்னிரண்டு நாள் இரை போடவில்லை. பல் இறுகும்முன் சுவர்க்கோழி போட்டால் அதுதான் சிலந்தியைக் கடிக்கும். உரித்த தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, வயிற்றுப் பகுதியின் முன்மடிப்பைப் பார்த்ததில், பெண் சிலந்தி ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் பை தெரிந்தது. பெண். கால் விரிப்பு 12.5 செ.மீ.; ஒரு கால்கூடக் கோணவில்லை.

முதல் கோடை

சித்திரையில் மாடியறை மாலை 4 மணிக்கு 37 டிகிரியைத் தொட்டபோது உள்ளறை 32இல் நின்றது. வளைக்குள் இன்னும் இரண்டு டிகிரி குறைவு. பத்து நாளுக்கு ஒருமுறை பி.வி.சி. குழாய்வழியே 100 மி.லி. தண்ணீர் அடிமண்ணுக்குப் போனது. மேல்மண் காய்ந்தே இருந்தது. சிலந்தி பகலெல்லாம் வளையின் அடியில் கிடந்து, இரவு 9 மணிக்குமேல் வாசலில் முன்னங்கால் இரண்டை நீட்டி உட்கார்ந்தது. இரை பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. வயிறு முன்னுடலின் ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். கொழுத்த டரான்டுலா சிறு விழுகையையும் தாங்காது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

சிலந்தியை வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பெட்டியைத் தயாராக்கி, காலியாகவே இரண்டு வாரம் வெப்பமும் ஈரமும் அளந்திருக்க வேண்டும். மாடியறை பொருந்தாது என்பது ஒரே பிற்பகலில் தெரிந்திருக்கும்.

பெட்டியின் உயரம் இனிப் பிரச்சினையில்லை. ஆனால் 40 செ.மீ. நீளம் இன்னும் இரண்டு தோலுரிப்புவரைதான் தாராளமாக இருக்கும். தொடக்கத்திலேயே 45க்கு 35 வெட்டியிருந்தால் கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான். துளைகளை எதிரெதிர்ச் சுவர்களில் இட்டது சரி, அவற்றை 2.5 மி.மீ. ஆக்கியிருக்கலாம், மழைக்காலத்தில் குட்டி ஈக்கள் சில நுழைந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ளவர்களிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சாக்கட்டி போட்ட அம்மாவுக்கும் விரட்டி செருகிய சித்தப்பாவுக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை. இப்போது உள்ளறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: கொசு மருந்து, வத்தி, சாம்பிராணி, எறும்பு மருந்து, ஸ்பிரே எதுவும் இந்த அறைக்குள் வேண்டாம்.

2025 ஜூலை நிலை

வளர்ப்பவர் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டார். சிலந்தி உள்ளறையிலேயே இருக்கிறது. இரை போடுவது அவர் வரும் வாரக் கடைசியில்; தண்ணீர் அம்மாவின் பொறுப்பு. கூடத்துத் தினசரி காலண்டரில் மூன்று நாளுக்கு ஒரு தாளில், நல்ல நேரத்துக்குக் கீழே, பேனாவால் “கிண்ணம்” என்று எழுதி வைத்திருக்கிறார்.